கர்ப்பப்பை வாசலில் ஒரு கிழமை



எங்கள் ஊரில் சனிக்கிழமை தோறும் அஸருக்குப் பின் பெண்களுக்கான வகுப்பொன்று நடக்கிறது. திரைக்கு அப்பாலிருந்து கேள்விகள் துண்டுக் காகிதத்தில் எழுதி வரும். பெரும்பாலும் தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றியவைதான். ஒருமுறை வந்த துண்டில் பெயர் இல்லை. எழுத்தும் நடுங்கியிருந்தது. “எனக்கு இரண்டு தடவை மாசமாகி இரண்டும் தங்கவில்லை. ஒன்று நாற்பது நாளில் போனது, மற்றது அதற்கும் முன்னே. பைப்படியிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியதால்தான் கலைந்தது என்று மாமி சொல்கிறார். பிள்ளையைக் கொன்ற பாவம் என் மேல் இருக்கிறதா?”

நான் சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகிறேன். பாவம் இல்லை, ஸப்ர் செய்யுங்கள் என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “இனிமேல் கவனமாக இருந்துகொள்ளுங்கள்” என்று ஒரு வசனத்தையும் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்: “இனிமேல் கவனம் என்றால், போன தடவை அவள் கவனமில்லாமல் இருந்தாள் என்றுதானே அர்த்தம்?”

எனக்குப் பதில் வரவில்லை. ஹைழ், நிஃபாஸ் சட்டங்களைப் பக்கம் பக்கமாக ஓதியவன் நான். ஆனால் அந்தச் சட்டங்கள் எந்த உறுப்பைப் பற்றியவையோ, அந்த உறுப்புக்குள் முதல் மாதத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் வாய் திறக்க முடியாது. என் தங்கை உயிரியல் ஆசிரியை. அவளிடம் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். புரியாத இடங்களில் அவளையே பிடித்துக்கொண்டேன். அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. கொஞ்சம் நீளமானது.

மாட்டிலிருந்து தொடங்குகிறேன், முகம் சுளிக்காதீர்கள். நம் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாட்டைக் காளைக்கு விட்டோ ஊசி மூலம் சினைப்படுத்தியோ ஆனபின், நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். 21ஆம் நாளையொட்டி மாடு மறுபடியும் கத்தினால் சினை பிடிக்கவில்லை. கத்தாமல் புல்லைத் தின்றுகொண்டு சும்மா இருந்தால் முகத்தில் சிரிப்பு வரும். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் அது இருந்த இடம் வெற்றிடமாகிவிடுவதில்லை. அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரட்சி உருவாகிறது. பாடப்புத்தகம் இதை ‘மஞ்சட் சடலம்’ என்கிறது. பெயர்தான் சடலம், செய்வதோ உயிர் காக்கும் வேலை. புரொஜெஸ்தரோன் என்னும் ஹோர்மோனை அது சுரக்கிறது. கர்ப்பப்பையின் உட்சுவரை மெத்தைபோல் தடிக்க வைத்து, சுருங்காமல் அமைதியாக வைத்திருப்பது இந்த ஹோர்மோன்தான். ஆனால் மஞ்சட் சடலத்துக்குத் தவணை உண்டு. ஏறக்குறைய 16, 17ஆம் நாளில் பசுவின் கர்ப்பப்பை ஒரு பொருளைச் சுரந்து அதை அழித்துவிடும். பிறகு புதிய முட்டை, புதிய பருவம், புதிய கத்தல்.

அதற்குள் கரு தான் இருப்பதைத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் பசுவின் கரு அந்த நாட்களில் இன்னும் சுவரில் ஒட்டியிருக்காது, கர்ப்பப்பைக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கும். உருண்டையாக இருந்தது நூல்போல நீண்டு ஒரு சாண் அளவுக்கும் வளர்ந்துவிடும். நீண்டபடியே ஒரு புரதத்தைச் சுரந்து சுவரெங்கும் தடவுகிறது. ‘அழிக்காதே, நான் இங்கே இருக்கிறேன்’ என்ற செய்திதான் அது. அந்தப் புரதம் இன்டர்ஃபெரோன் வகையைச் சேர்ந்தது என்று 1987இல் தெரியவந்தபோது ஆய்வாளர்கள் வியந்தார்கள். ஏனென்றால் வைரஸ் கிருமிகளை எதிர்ப்பதற்கு உடல் சுரக்கும் பொருட்களின் குடும்பம் அது.

கேம்பிரிட்ஜில் மூர், ரோசன் என்ற இருவர் 1966இல் செம்மறியாட்டில் இதைச் சோதித்தார்கள். கருவை 12ஆம் நாளில் எடுத்துவிட்டால், ஆடு ஒன்றுமே நடக்காததுபோல் வழக்கமான நாளில் பருவத்துக்கு வந்தது. 13ஆம் நாள் வரை விட்டு எடுத்தால் பருவம் தள்ளிப்போனது. அதாவது தாயின் உடல் செய்தியைப் பெற்றுவிட்டது. ஒரே ஒரு நாள் வித்தியாசம்!

இந்த நூல் போன்ற கரு ஒரு பெரிய மேதையையே ஏமாற்றியிருக்கிறது. இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்று நிறுவிய வில்லியம் ஹார்வே, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸின் மான்களை அறுத்து ஆராய்ந்தார். இணைசேரும் காலம் முடிந்து கிழமைக்கணக்கில் பார்த்தும் கர்ப்பப்பைக்குள் ஒன்றும் தென்படவில்லை. 1651இல் வெளியான தமது நூலில் அதை அப்படியே எழுதினார். அவர் தேடியது உருண்டையான ஒரு பொருளை. உள்ளே இருந்ததோ சளிநூல் போன்ற ஒன்று. அவ்வளவு பெரிய மனிதருக்கே கண்ணுக்குப் படாத காலம் அது. நம் மாமிமார் அந்த நாட்களைப் பற்றி எவ்வளவு உறுதியாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள்!

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்ணின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அது கருத்தரிப்பது கர்ப்பப்பைக்குள் அல்ல, சூலகத்தையும் கர்ப்பப்பையையும் இணைக்கும் குழாயின் அகன்ற பகுதியில். அங்கிருந்து கர்ப்பப்பைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். வழியிலேயே பிளந்து இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. நான்காம் நாளளவில் முசுக்கட்டைப் பழம்போல் ஓர் உருண்டை. ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்துக்கொண்டு வெற்றுக் கோளமாகிறது. அதன் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு கொத்துத்தான் பிள்ளையாகப் போவது. சுற்றியுள்ள மற்றக் கலங்களெல்லாம் நஞ்சுக்கொடிக்கானவை. பிள்ளைக்கு முன்னரே பிள்ளைக்கான சமையலறை கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆறாம் நாளளவில் அந்தக் கோளம் தன்னை மூடியிருந்த மேலுறையைக் கிழித்துக்கொண்டு, கோழிக்குஞ்சு பொரிப்பதுபோல் வெளியே வருகிறது.

வந்துவிட்டது. ஆனால் வாசல் எப்போதும் திறந்திருப்பதில்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் மாதத்தில் நான்கைந்து நாட்கள்தான் கருவை ஏற்கும் நிலையில் இருக்கும். 28 நாள் ஒழுங்குள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 20ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை. அதற்கு முன் வந்தாலும் பின் வந்தாலும் சுவர் பிடிகொடுப்பதில்லை. வாசல் திறந்த நேரத்தில் கோளம் சுவரைத் தொட்டு, ஒட்டி, பின் உள்ளே புதையத் தொடங்குகிறது. புதைந்ததும் மேலே சுவர் மூடிக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் கரு வெளியே இல்லை, சுவரின் உள்ளே இருக்கிறது. மேசை விளிம்பில் வைத்த கோப்பை அல்ல அது, இலேசாக இடித்தால் விழுந்துவிட. மண்ணுக்குள் வேர் பிடித்த விதை.

எல்லாப் பிராணிகளும் இப்படிச் செய்வதில்லை என்பதைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். பசுவிலும் ஆட்டிலும் கரு சுவரின் மேல் ஒட்டுவதோடு சரி, உள்ளே புதையாது. ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளில் வாழும் தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1930 முதல் 1945 வரை உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஒஸ்மன் ஹில் இந்தப் பிராணியைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். தேவாங்கின் நஞ்சுக்கொடியும் பசுவினுடையதைப்போல் தாயின் சுவரை அரிக்காமல் மேலோடு பொருந்தி நிற்பது. நம் தோட்டங்களில் தொல்லை கொடுக்கும் செங்குரங்கின் இனத்தில் கரு சுவரை அரித்து இரத்த நாளங்கள் வரை போகும், ஆனால் முழுமையாகப் புதையாது. மனிதக் கரு முழுவதுமாக உள்ளே போய்விடுகிறது.

அரபு மொழியில் ‘அலக்’ என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். ஒரு ஸூராவின் பெயரே அது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘இரத்தக்கட்டி’ என்றும் ‘உறைந்த இரத்தம்’ என்றும் வரும். முன்னைய முஃபஸ்ஸிர்கள் பலரும் அப்படித்தான் விளங்கினார்கள். ஆனால் அந்த வேர்ச்சொல்லுக்கு அகராதியில் முதலில் வரும் பொருள் தொங்குதல், பற்றிப் பிடித்தல். அட்டைப்பூச்சிக்கும் அதே சொல்தான். மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குள் போய்வரும் பெண்களுக்கு அட்டை எப்படிப் பற்றும் என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதை வைத்துக்கொண்டு வேதத்தை விஞ்ஞானப் பரீட்சைத்தாள் ஆக்குவது எனக்குப் பிடித்தமானதல்ல. விஞ்ஞானம் நாளை தன் கருத்தை மாற்றிக்கொண்டால் அப்போது என்ன செய்வது? ஆனால் அந்தச் சொல்லை ஓதும்போது இனி என் மனக்கண்ணில் உறைந்த இரத்தம் வராது, பற்றிப் பிடிக்கும் ஓர் உயிர்தான் வரும்.

பற்றிய கரு முதலில் செய்யும் வேலை, பசுவின் கரு செய்த அதே வேலை: செய்தி அனுப்புவது. மனிதக் கரு அனுப்பும் ஹோர்மோன் தாயின் இரத்தத்தில் கலந்து சூலகத்துக்குப் போய், மஞ்சட் சடலத்தை அழியவிடாமல் வேலை வாங்குகிறது. அதனால்தான் மாதவிடாய் நிற்கிறது. இந்த ஹோர்மோனின் மிச்சம் சிறுநீரில் வருவதைத்தான் பார்மஸியில் வாங்கும் பட்டியில் இரண்டாவது கோடாக நீங்கள் பார்க்கிறீர்கள். இதை முதலில் பயன்படுத்தியவர்கள் பெர்லினில் இருந்த அஷ்ஹைம், ஸொண்டெக் என்ற இரு மருத்துவர்கள். 1920களின் இறுதியில் அவர்கள் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசிமூலம் ஏற்றி, சில நாட்களில் சுண்டெலியை அறுத்துச் சூலகத்தைப் பார்ப்பார்கள். பிறகு தவளை வந்தது. நம் உம்மும்மாமார் காலத்தில் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஓர் உயிர் வேண்டியிருந்தது. இன்று ஒரு காகிதப் பட்டி போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பாதி தந்தையிடமிருந்து வருவது. தாயின் உடலுக்கு அது அந்நியப் பொருள். பிறர் சிறுநீரகத்தைப் பொருத்தினால் சண்டை பிடிக்கும் உடல், இந்த அந்நியனை மட்டும் ஏன் ஒன்பது மாதம் விட்டுவைக்கிறது? இந்தக் கேள்வியை 1953இல் எழுப்பியவர் பீட்டர் மெடாவர். நோபல் பரிசு பெற்றவர், தந்தை லெபனானைச் சேர்ந்தவர். விடை இன்றுவரை முழுமையாகக் கிடைக்கவில்லை. தெரிந்தவரை, கர்ப்பப்பைச் சுவரில் முதல் மாதங்களில் குவியும் எதிர்ப்புக் கலங்கள் கருவைத் தாக்குவதற்குப் பதிலாக, தாயின் இரத்த நாளங்களை அகலமாக்க உதவுகின்றன. காவற்காரனே வந்த விருந்தாளிக்குப் பாதை வெட்டிக் கொடுக்கிறான். இந்தப் பாதை சரியாக அகலாமல் போவதுதான், பின்மாதங்களில் பிரஷர் கூடி வலிப்பு வரை போகும் நோய்க்கு ஒரு முக்கிய காரணம் என்று சொல்கிறார்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பதைச் சிலர் அலுப்பாக நினைக்கிறார்கள். அந்த அலுப்பின் வேர் இந்த முதல் கிழமைகளில் இருக்கிறது.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பத்துக் கிழமை வரை தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழு வேகத்தில் பாய்வதில்லை. அதுவரை கர்ப்பப்பைச் சுவரிலுள்ள சுரப்பிகள் ஊறவிடும் சத்துநீர்தான் கருவின் ஆகாரம். பிறந்த பின் மார்பில் சுரப்பதற்கு முன்னரே உள்ளே ஒரு பால் சுரந்துவிடுகிறது. வாந்தியால் மூன்று வாய் சோறுகூடத் தங்காத பெண்கள் “பிள்ளை பட்டினி கிடக்கிறதே” என்று அழுவதைக் கண்டிருக்கிறேன். அந்த நாட்களில் பிள்ளைக்குத் தேவையானது மிகச் சொற்பம். வாந்தி மிஞ்சி, தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது அந்தத் துண்டுக் காகிதத்தின் கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் வில்கொக்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் பிள்ளை வேண்டும் என்று விரும்பிய 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்தார்கள். 1988இல் முடிவு வெளியானது. மொத்தம் 198 கர்ப்பங்கள். அவற்றில் 22 சதவீதம், கர்ப்பம் என்று மருத்துவமுறையில் கண்டறியப்படும் முன்னரே முடிந்துவிட்டன. பின்னால் கலைந்தவற்றையும் சேர்த்தால் 31 சதவீதம். மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு! அதில் பலருக்கு மாதவிடாய் ஓரிரு நாள் பிந்தியது என்பதைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. இது பதிந்த பின் போனவற்றின் கணக்கு மாத்திரம். பதியாமலே மறைந்தவற்றை யாரும் எண்ண முடியாது.

அதே பெண்களின் விபரங்களிலிருந்து 1999இல் இன்னொரு கணக்கு வந்தது. முட்டை வெளியேறி 8 முதல் 10 நாட்களுக்குள்தான் பெரும்பாலான கருக்கள் பதிகின்றன. 9ஆம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதமே ஆரம்பத்தில் கலைந்தன. 10ஆம் நாள் பதிந்தவற்றில் 26 சதவீதம், 11ஆம் நாள் பதிந்தவற்றில் 52 சதவீதம், அதற்கும் பிந்தியவற்றில் 82 சதவீதம். பிந்தி வந்த கரு பெரும்பாலும் ஏற்கனவே பலவீனமானது. செய்தி அனுப்பவும் தாமதம், வாசலும் மூடும் நேரம்.

ஏன் பலவீனம்? முட்டையும் விந்தணுவும் சேரும்போது அல்லது முதல் பிளவுகளின்போது, நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பிசகிவிடுகிறது. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் பாதியளவுக்கும் மேல் இப்படிப்பட்டவை. பொஸ்டனில் ஹெர்ட்டிக், ரொக் என்ற இரு வைத்தியர்கள் 1938 தொடங்கி சுமார் பதினைந்து வருடங்கள், நோய்க்காகக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்களிடம் மிக இளம் கருக்களைத் தேடிப் பார்த்தார்கள். கிடைத்தவை 34. யாரும் குடம் தூக்கவில்லை, யாரும் தடுக்கி விழவில்லை. ஆனாலும் அந்தச் சிலவற்றுக்குள்ளேயே கணிசமானவை ஆரம்பத்திலேயே பழுதாக இருந்தன.

ஆகவே சகோதரியே, நாற்பது நாளில் போன உங்கள் பிள்ளையின் விதி, பெரும்பாலும் நீங்கள் குடத்தைத் தூக்குவதற்குக் கிழமைகள் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. குடம் அதற்குப் பின்னால் வந்தது. பின்னால் வந்தது காரணமாக முடியாது.

இதைச் சொல்லும்போது நேர்மையாகவும் இருக்க வேண்டும். பாரம் எதுவுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு, நனைந்த கொழுந்தின் பாரத்தை முதுகில் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் வேலை கர்ப்பிணிக்கு ஏற்றதல்ல. அவளுக்கு இலேசான வேலை கொடுக்க வேண்டும், வீட்டிலும் குடத்தை வேறு யாராவது தூக்க வேண்டும். அது அவளுடைய உரிமை என்பதால். அவள் தூக்கினால் கொலைகாரி என்பதால் அல்ல. அதேபோல் நீரிழிவு, தைரொயிட், கட்டுப்படாத காய்ச்சல், புகை ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. இரண்டு மூன்று முறை தொடர்ந்து கலைந்தால் வைத்தியரிடம் போய் இரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கணவனும் கூடப் போகட்டும்.

பப்பாசி பற்றிக் கேட்காத பெண் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதை எலிகளில் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். நன்றாகப் பழுத்த பப்பாசி தின்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காயின் பாலோ, தனியே எடுத்த எலியின் கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. காயைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், ஒரு துண்டு பழத்துக்காக மருமகளை நீதிமன்றத்தில் நிறுத்தாதீர்கள்.

வாசலைப் பற்றி எழுதும்போது ஒரு மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி என்றொரு மருத்துவர். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25இல் பிறந்தது. இரண்டு மாதம் கழிய, அதே ஆண்டு ஒக்டோபர் 3இல், முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ‘துர்கா’ என்ற பெயரால் அது அறியப்பட்டது. அவர் கருவை உடனே கர்ப்பப்பைக்குள் வைக்கவில்லை. அதிக முட்டைகள் வரவேண்டி ஹோர்மோன் ஊசி போட்ட மாதத்தில், கர்ப்பப்பையின் உட்சுவர் வாசல் திறக்கும் ஒழுங்கு குழம்பியிருக்கும் என்று கணித்தார். எனவே எட்டுக் கலமாக இருந்த கருவை உறைய வைத்து, 53 நாட்கள் காத்திருந்து, ஊசியின் தாக்கம் இல்லாத இன்னொரு மாதத்தில் வைத்தார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் வழமையாகச் செய்யும் முறை இது. அன்று அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. வெளிநாடு போய்த் தன் வேலையை விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூன் மாதத்தில் அவருடைய வாழ்க்கை துயரமாக முடிந்தது. மும்பையில் 1986இல் பிறந்த ஹர்ஷா என்ற குழந்தைதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவாகியிருந்தது. அந்தப் பெருமைக்குரிய விஞ்ஞானி ஆனந்த்குமாரே, முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, ‘எனக்கு முன் இவர் செய்துவிட்டார்’ என்று 1997இல் எழுதினார். தன் பெயருக்கு முன் இன்னொருவர் பெயரை எழுதும் மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வாசலைத் தாமாகவே மூடிவைத்துக் காத்திருக்கும் பிராணிகளும் உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் சுண்டெலி மறுபடி சினையானால், முதல் குட்டிகள் பால் மறக்கும்வரை அடுத்த கருக்கள் பதியாமல் மிதந்து காத்திருக்கும். நம் கொய்யா மரத்துக்கு வரும் சிறிய பழந்தின்னி வௌவாலில் கரு பதிந்த பின்னும் வளர்ச்சியை மெதுவாக்கிக்கொள்கிறது என்று பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். மனுஷிக்கு அந்த வசதி இல்லை.

கரு வாசலைத் தவறவிட்டுக் குழாயிலேயே பதிந்துவிடுவதும் உண்டு. நூறு கர்ப்பத்தில் ஒன்று, இரண்டு. குழாய்க்கு விரிய இடமில்லை, ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டும். நாள் தள்ளியிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைச்சுற்று, மயக்கம், சில வேளை தோள்பட்டையில் வலி என்றால் கசாயம் காய்ச்சிக்கொண்டு விடியும்வரை இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும், தோட்டத்து லொறியானாலும், பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். இது உயிர் விஷயம்.

பிள்ளைக்கு முயலும்போதே குடும்பநல மருத்துவிச்சியிடம் ஃபோலிக் அமில மாத்திரை பற்றிக் கேளுங்கள். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகும் குழாய், கருத்தரித்து 28 நாளிலேயே மூடிவிடுகிறது. பெரும்பாலான பெண்கள் மாசமாக இருப்பதை உறுதி செய்வதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். கிளினிக்கில் பதிந்த பிறகு பார்ப்போம் என்றால் பிந்திவிடும்.

சட்ட விஷயத்தையும் விடக்கூடாது, ஏனென்றால் நிறையப் பேர் வெட்கத்தால் கேட்பதில்லை. கரு பதியும் நாட்களையொட்டிச் சிலருக்கு இலேசான கறை படும். நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஹைழின் குறைந்தபட்சம் ஒரு பகலும் ஓர் இரவும், அதாவது 24 மணித்தியால அளவு. அந்த அளவு சேராத கறை ஹைழ் அல்ல, தொழுகையை விடக்கூடாது, சுத்தம் செய்துகொண்டு வுழூச் செய்து தொழ வேண்டும். அந்த அளவை எட்டினால், கர்ப்பிணிக்கு வருவதும் ஹைழ் ஆகலாம் என்பதே நம் மத்ஹபில் வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் அப்படியல்ல. ஆனால் சட்டம் கேட்பதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். கரு வெளியேறிவிட்டால், அது ‘அலகா’வாகவோ சதைத்துண்டு போன்ற ‘முழ்கா’வாகவோ இருந்தாலும், அதன் பின் வரும் இரத்தம் நிஃபாஸ். குளிப்பும் கடமை. மாதவிடாய் நாலைந்து நாள் பிந்தி வந்து, உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாத பெண் வழக்கமான ஹைழாகக் கணக்கிட்டால் போதும். துருவித் துருவி ஆராயச் சொல்லி எந்த நூலும் கேட்கவில்லை.

இவ்வளவையும் சுருக்கி அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சொன்னேன். போன கிழமை சொன்ன “கவனமாக இருங்கள்” என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். துண்டு எழுதிய சகோதரி வந்திருந்தாரா, தெரியாது. வழமையாக அந்த நேரத்தில் பிள்ளைகளின் சத்தம் இருக்கும். அன்று இருக்கவில்லை.

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வயதான குரல், காகிதம் எழுதாமல் நேராகவே கேட்டது:

“மௌலவி, எனக்கும் மூணு போச்சு. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி. விறகு சுமந்ததாலதான்னு எங்க மாமி சொன்னாங்க. அதுவும் அதனால இல்லையா?”

“இல்லை உம்மா,” என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு யாரோ அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள்.